மூக்குக்குப் பின்னால் ஒரு கட்டி: எதை ஏற்றோம், எதைத் தள்ளினோம்

மேலூரில் மருந்துக்கடை வைத்து இருபது வருடங்களுக்கு மேல் ஆகிறது. மூக்கடைப்புச் சொட்டு மருந்து கேட்டு நாளைக்குப் பத்துப் பேராவது வருவார்கள். அவர்களில் ஒருவனாக என் அக்கா மகனும் ஏழு மாதம் வந்துபோனான். "வலது மூக்கு அடைத்தே கிடக்கிறது மாமா" என்றான், கொடுத்தேன். பங்குனியில் சில்லுமூக்கு உடைந்து பள்ளிச் சட்டை முழுக்க ரத்தமாக வந்து நின்றான்; வெயில் என்றேன். ஐப்பசி மழையிலும் உடைந்தது. விரலை விட்டு நோண்டியிருப்பாய் என்று திட்டினேன். ஐந்து நாளுக்கு மேல் அந்தச் சொட்டு மருந்தைப் போடக் கூடாது என்று வாடிக்கையாளர்களுக்குப் பாடம் நடத்தும் நான், சொந்த மருமகனுக்குக் கணக்குப் பார்க்கவில்லை. இதை முதலில் சொல்லிவிட்டால்தான் மற்றதை எழுதக் கை வரும்.

அவனுக்கு வயது பதினைந்து. இரண்டு மூக்கும் மாறி மாறி அடைத்தால் சளி, ஒவ்வாமை என்று நினைக்கலாம். ஒரே பக்கம் மட்டும், வலியில்லாமல், மாதக்கணக்கில் அடைத்து, அதே பக்கத்தில் ரத்தமும் வந்து, பிள்ளை பத்துக்கும் இருபதுக்கும் இடைப்பட்ட பையனாகவும் இருந்தால், காது மூக்கு தொண்டை மருத்துவர் மனதில் முதலில் ஓடும் பெயர் ஆஞ்சியோஃபைப்ரோமா. முழுப்பெயர் ஜுவனைல் நேசோஃபாரிஞ்சியல் ஆஞ்சியோஃபைப்ரோமா; மருத்துவமனையில் ஜே.என்.ஏ. என்று சுருக்கிவிடுகிறார்கள். இது புற்றுநோய் இல்லை. வேறு உறுப்புக்குத் தாவாது. ஆனால் இருக்கும் இடத்தில் அடங்கியும் கிடக்காது. மூக்கின் பின்கோடியில், ரத்தக்குழாய் உள்ளே நுழையும் ஒரு சிறு எலும்புத் துளையின் அருகே முளைத்து, வழி கிடைத்த பக்கமெல்லாம் தள்ளிக்கொண்டு போகும்: தொண்டையின் மேல்பகுதி, சைனஸ் அறைகள், கன்னத்தின் உட்புறம், கண்குழி, கடைசியில் மண்டையோட்டின் அடித்தளம். கிட்டத்தட்ட எப்போதும் ஆண் பிள்ளைகளுக்கே வருகிறது. பெண் பிள்ளைக்கு இந்தப் பெயர் எழுதிய அறிக்கை வந்தால் அதை இன்னொரு முறை சரிபார்க்கச் சொல்ல வேண்டும்.

எங்கள் முன் வந்த முதல் தேர்வு சிகிச்சை பற்றியதே இல்லை. ஒரு கிளினிக்கில் மூக்குக்குள் விளக்கடித்துப் பார்த்தவர், "சதை மாதிரி இருக்கிறது, சின்னத் துண்டு வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பிவிடலாம்" என்றார். அவரைக் குறை சொல்லவும் முடியவில்லை. எங்கள் பக்கத்தில் மூக்கில் சதை, கூடவே ரத்தம் என்றால் முதலில் கேட்கும் கேள்வி "கண்மாயில் குளிப்பானா?" என்பதுதான். மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் பக்கங்களில் ரைனோஸ்போரிடியோசிஸ் பழக்கப்பட்ட நோய். ஆடுமாடு இறங்கும் தேங்கிய தண்ணீரில் குளிப்பவர்களுக்கு மூக்கில் சிவந்த சதை முளைக்கும். மேலே வெள்ளைப் புள்ளிகளோடு ஸ்ட்ராபெர்ரிப் பழம்போல இருக்கும். தொட்டால் ரத்தம் கசியும். அதை வெட்டி, அடிவேரைச் சுட்டுவிடுவார்கள். திரும்ப வந்தால் திரும்ப வெட்டுவார்கள். என் மருமகனும் கண்மாயில் ஊறிக் கிடப்பவன்தான். ஆகவே அவர் கத்திரியை எடுக்க நினைத்ததில் நியாயம் இருந்தது.

ஆனால் அந்தக் கத்திரி பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது நினைத்தாலும் வயிறு கலங்குகிறது. ஆஞ்சியோஃபைப்ரோமா முழுக்க ரத்தக்குழாய்களின் முடிச்சு. அந்தக் குழாய்களின் சுவரில் சுருங்கி அடைத்துக்கொள்ளும் தசை சரியாக இருக்காது. வெட்டுப்பட்டால் தானாக நிற்பது கடினம். வெளிநோயாளி அறையில் நாற்காலியில் உட்காரவைத்துத் துண்டு எடுக்கக் கூடாது என்பது இந்தக் கட்டியைப் பொறுத்தவரை எழுதிவைத்த விதி. கடைசி நொடியில் அவரே கையை இழுத்துக்கொண்டார். கட்டி வழவழப்பாக இருந்தது, வெள்ளைப் புள்ளி இல்லை, உள்ளே வெகுதூரம் போயிருந்தது. "முதலில் ஸ்கேன்" என்று எழுதிக் கொடுத்தார். அந்த ஒரு வரிக்காக அவருக்கு இன்றும் கும்பிடு போடுகிறேன்.

மருந்து ஏற்றி எடுக்கும் சி.டி. ஸ்கேன், கூடவே எம்.ஆர்.ஐ.; இரண்டும் வேண்டும். எலும்பு எங்கே அரிக்கப்பட்டிருக்கிறது, எங்கே தள்ளப்பட்டிருக்கிறது என்பதை சி.டி. காட்டும். மென்தசையில் கட்டி எதுவரை போயிருக்கிறது, மூளையின் உறையைத் தொட்டிருக்கிறதா என்பதை எம்.ஆர்.ஐ. காட்டும். கன்னத்துக்குள் இருக்கும் சைனஸ் அறையின் பின்சுவர் முன்பக்கமாக வளைந்து நிற்பது இந்தக் கட்டியின் கையெழுத்து. அவன் படத்தில் அது வில்லாக வளைந்திருந்தது. பெரும்பாலும் இந்தப் படங்களை வைத்தே நோயை உறுதிசெய்துவிடுகிறார்கள். துண்டு வெட்ட வேண்டியதே இல்லை.

கட்டியின் பரவலை நிலைகளாகப் பிரிக்கிறார்கள். பலரும் பின்பற்றுவது ராட்கோவ்ஸ்கி குழுவினர் 1996-இல் திருத்தி வகுத்த முறை. முதல் நிலையில் கட்டி மூக்கு, தொண்டையின் மேல்பகுதி, சைனஸ் அளவில் நிற்கும். இரண்டாம் நிலையில் பக்கவாட்டில் எலும்புகளுக்கு நடுவே உள்ள பள்ளங்களில் இறங்கியிருக்கும். மூன்றாம் நிலையில் மண்டையோட்டின் அடித்தளத்தை அரித்திருக்கும் அல்லது உள்ளேயே போயிருக்கும். அவனுடையது இரண்டாம் நிலை, அதிலும் நடுப்படி.

இந்தப் படி தெரியும் முன்பே வீட்டில் சிகிச்சையை முடிவுசெய்ய ஆரம்பித்துவிட்டார்கள். மச்சானுக்குத் தெரிந்த ஒருவர் வேலூர் போகச் சொன்னார். பெரியம்மா மகன், கதிர்வீச்சு கொடுத்தால் கரைந்துவிடும் என்றார். அப்பத்தா சதையைக் கரைக்கும் சூரணம் ஒன்றை அழகர்கோவில் பக்கமிருந்து வாங்கிவரச் சொன்னது. சூரணத்தைப் பற்றி ஒரு வாக்கியம் போதும்: ரத்தக்குழாய் முடிச்சைக் கரைக்கும் பொடி எதுவும் என் அலமாரியிலும் இல்லை, யார் அலமாரியிலும் இல்லை.

சும்மா விடுவது என்ற வழியைத்தான் வீட்டில் எல்லாரும் மனதுக்குள் விரும்பினோம். அதற்கு ஒரு சாக்கும் தயாராக இருந்தது. அவன் பத்தாம் வகுப்பு. பொதுத்தேர்வுக்கு மூன்று மாதம். முடித்துவிட்டுப் பார்க்கலாம் என்றார் மச்சான். யாரோ சொன்ன இன்னொரு செய்தியும் சேர்ந்துகொண்டது: வளர்ந்து ஆளானால் இந்தக் கட்டி தானே சுருங்கிவிடுமாம். இதில் கொஞ்சம் உண்மை இருப்பதுதான் ஆபத்து. இளம்பருவம் கடந்தபின் சிலருக்குக் கட்டி சுருங்கியது மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கிறது. அறுவைக்குப் பின் மிஞ்சிய துண்டுகள் வளராமல் கிடந்து வற்றியதும் உண்டு. ஆனால் யாருக்குச் சுருங்கும் என்று முன்கூட்டிச் சொல்ல ஆளில்லை. அதற்குள் கட்டி கண்ணைத் தள்ளலாம், மண்டைக்குள் நுழையலாம். அவனுடைய ஹீமோகுளோபின் அப்போது எட்டு. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. அடுத்த சில்லுமூக்கு பரீட்சை அறையில் உடைந்தால் நிறுத்துவது யார்? பொதுத்தேர்வு போனால் துணைத்தேர்வு இருக்கிறது என்று நான் சொன்னபோது அக்கா என்னை முறைத்தாள். சொட்டு மருந்து கொடுத்தவன் இப்போது சட்டம் பேசுகிறான் என்ற முறைப்பு அது. இருந்தாலும் ஒத்துக்கொண்டாள்.

அறுவைதான் என்று ஆனபின் இரண்டு மருத்துவர்கள் இரண்டு வழி சொன்னார்கள்.

மூத்தவர் ஒருவர் திறந்த அறுவையைச் சொன்னார். முகத்தைத் திறந்து கட்டியைக் கண்ணால் பார்த்து, கையால் பிடித்து எடுப்பது. அதிலும் பல பாதைகள் உண்டு. மூக்கின் ஓரமாக முகத்தில் கீறி நுழைவது பழைய வழி. தழும்பு ஆயுளுக்கும் தெரியும். மேல் உதட்டின் உட்புறம் கீறி முகத்தோலை மேலே தூக்கி நுழைவது இன்னொன்று. வெளியே தழும்பு இருக்காது, கன்னம் சில காலம் மரத்துக் கிடக்கும். அண்ணத்தைத் திறந்து போவதும் உண்டு. அது சரியாக ஆறாவிட்டால் வாய்க்கும் மூக்குக்கும் இடையே ஓட்டை நின்று, குடிக்கும் தண்ணீர் மூக்கில் வரும். மூத்தவர் தன் பக்கத்து நியாயத்தைத் தெளிவாகவே சொன்னார். ரத்தம் பீறிட்டால் இரண்டு கையும் உள்ளே போக இடம் வேண்டும். மூக்குத் துவாரத்துக்குள் கருவியை விட்டுக்கொண்டு அந்த வெள்ளத்தைச் சமாளிப்பது எல்லாராலும் ஆகாது. கட்டி கன்னத்தின் பக்கவாட்டில் வெகுதூரம் போயிருந்தால், மண்டைக்குள் பெரிதாகப் புகுந்திருந்தால், இன்றும் திறந்த வழியோ இரண்டும் சேர்ந்த வழியோ தேவைப்படுகிறது. ஆகவே அதைப் பழைய காலத்து வைத்தியம் என்று ஒதுக்க எனக்கு மனமில்லை.

"ஆண் பிள்ளைக்குத் தழும்பு ஒரு குறையா?" என்று அப்பத்தா கேட்டது. தழும்பைப் பற்றி எனக்கும் பெரிய கவலை இல்லை. கவலை எலும்பைப் பற்றியது. பதினைந்து வயதில் முக எலும்பு இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. அதை வெட்டி, தகடு வைத்து இணைத்தால் பின்னால் ஒரு பக்கம் வளர்ச்சி குறைய இடமுண்டு. அறுபது வயதுக்காரருக்கு இந்தக் கேள்வியே எழாது. ஒரே கட்டிக்கு வயதைப் பார்த்துக் கணக்கு மாறும் இடம் இதுதான்.

இளையவர் சொன்னது எண்டோஸ்கோப்பி. மூக்குத் துவாரம் வழியாகக் கேமரா, அதே வழியாகக் கருவிகள். இரண்டு அறுவையாளர்கள் நான்கு கைகளோடு வேலை செய்வார்கள். வெளியே ஒரு கீறல்கூட இல்லை. 1990களின் நடுவிலிருந்தே இந்த முறையில் ஆஞ்சியோஃபைப்ரோமாவை எடுத்து வருகிறார்கள். முதல் நிலைக்கும் இரண்டாம் நிலையின் பெரும்பகுதிக்கும் இன்று இதுவே முதல் தேர்வு. ரத்த இழப்பு குறைவு, மருத்துவமனையில் தங்கும் நாள் குறைவு. கேமராவில் பெரிதாகத் தெரிவதால், கட்டி ஒளிந்திருக்கும் மூலைகளைத் திறந்த அறுவையைவிட நன்றாகவே பார்க்கலாம்.

அந்த மூலைகளைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். இந்தக் கட்டி திரும்ப வருகிறது என்று எல்லாரும் பயமுறுத்துவார்கள். புதிதாக முளைத்து வருவது குறைவு. பெரும்பாலும் முதல் அறுவையில் விட்டுவந்த மிச்சம்தான் வளர்கிறது. மிச்சம் அதிகமாக நிற்கும் இடம், மூக்குக்குப் பின்னால் மண்டையோட்டின் அடித்தளத்தில் இருக்கும் ஸ்பீனாய்டு எலும்பின் அடிப்பகுதி. அதற்குள் ஒரு நரம்பு செல்லும் விடியன் கால்வாய் என்ற குறுகலான சுரங்கம். கட்டி அந்த எலும்பின் பஞ்சுபோன்ற உட்பகுதிக்குள் வேர்விட்டுவிடும். மேலே இருப்பதை முழுசாக எடுத்துவிட்டு அந்த எலும்பைக் குடைந்து சுத்தம் செய்யாமல் வந்தால், நாற்றைப் பிடுங்கிக் கோரைக்கிழங்கை விட்டுவந்த கதை. மருத்துவரிடம் நாங்கள் கேட்ட கேள்விகளில் உருப்படியான ஒன்று இதுதான் என்று இப்போது தோன்றுகிறது: "கட்டியை எடுத்தபின் அந்த எலும்பைக் குடைவீர்களா?" இளையவர் சிரித்துக்கொண்டே, "அதற்குத்தான் அரை மணி நேரம் கூடக் கேட்கிறேன்" என்றார். அந்தச் சுரங்கத்தைக் குடையும்போது நரம்பு போய்விட்டால் அந்தப் பக்கக் கண்ணில் நீர் சுரப்பது குறையும் என்பதையும் அவரே சொன்னார்.

இரண்டு வழிகளுக்கும் பொதுவான இன்னொரு தேர்வு இருந்தது. அறுவைக்கு முன் எம்போலைசேஷன், அதாவது கட்டிக்கு ரத்தம் கொண்டுவரும் குழாயை உள்ளிருந்தே அடைப்பது, செய்வதா, வேண்டாமா? எங்கள் ஊர்க்காரனுக்கு இதைப் புரியவைக்கக் கண்மாய் போதும். வாய்க்காலைத் தூர்வார வேண்டுமென்றால் முதலில் மடையை அடைக்க வேண்டும். தண்ணீர் ஓட ஓட மண்வெட்டி போடுகிறவன் முழங்கால் சேற்றில் நின்றுகொண்டு எது கரை எது வண்டல் என்று தெரியாமல் தடவுவான். இந்தக் கட்டிக்கு ரத்தம் பாய்ச்சும் பெரிய மடை மேல்தாடைக்குப் பின்னால் ஓடும் தமனி; அது வெளிக் கரோடிட் தமனியின் கிளை. தொடையிடுக்கில் ஊசி போட்டு, மெல்லிய குழாயை ரத்தக்குழாய் வழியாகவே கழுத்துவரை கொண்டுபோய், எக்ஸ்ரே திரையில் பார்த்துக்கொண்டு, மணல்போன்ற சிறு துகள்களைச் செலுத்தி அந்தக் கிளையை அடைக்கிறார்கள். அறுவையின்போது ரத்த இழப்பு பெரிதும் குறையும். அடைக்காமல் இறங்கினால் லிட்டர் கணக்கில் போவதும் உண்டு. ஐம்பது கிலோ பையனின் உடம்பில் மொத்தமே மூன்றரை லிட்டர் சொச்சம்தான் ரத்தம்.

இதிலும் கண்டிஷன் உண்டு. அடைத்த இருபத்துநான்கு மணி நேரத்திலிருந்து நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் அறுவை நடந்துவிட வேண்டும். தள்ளிப்போட்டால் தண்ணீர் வேறு பள்ளம் தேடுவதுபோல ரத்தமும் பக்கக் குழாய்களைத் திறந்துகொள்ளும். அடுத்தது, பெரிய கட்டிகளுக்கு உட்கரோடிட் தமனியிலிருந்தும் கிளைகள் வரும். அது மூளைக்கும் கண்ணுக்கும் போகும் வாய்க்கால். ஊரின் குடிநீர்க் குழாயை வயலுக்காக அடைக்க முடியாது. துகள் வழிதவறி அந்தப் பக்கம் போனால் பக்கவாதம், பார்வை இழப்பு வரை ஆபத்து. அரிது என்றார்கள். அரிது என்ற சொல்லைக் கேட்டுக்கொண்டு கையெழுத்துப் போடுவது எப்படி இருக்கும் என்பது போட்டவனுக்குத்தான் தெரியும். எம்போலைசேஷனே வேண்டாம் என்று சொல்லும் அறுவையாளர்களும் இருக்கிறார்கள். அடைத்தபின் கட்டி சுருங்கி எலும்புக்குள் பதுங்கிவிடுகிறது, மிச்சம் நின்றுவிடுகிறது என்பது அவர்கள் வாதம். சிறிய கட்டி என்றால் அறுவையின்போதே அந்தத் தமனியைக் கண்டு கிளிப் போட்டுவிடலாம் என்றும் சொல்வார்கள். முதல் நிலைக் கட்டியாக இருந்திருந்தால் நானும் யோசித்திருப்பேன். ஹீமோகுளோபின் எட்டில் நிற்கும் பிள்ளையின் இரண்டாம் நிலைக் கட்டிக்கு மடையைத் திறந்து வைத்துக்கொண்டு இறங்க எனக்குத் துணிவில்லை.

கதிர்வீச்சைப் பற்றிப் பெரியம்மா மகன் சொன்னது பொய்யில்லை. 30 முதல் 36 கிரே (கதிரை அளக்கும் அலகு) அளவு கதிரை மூன்று நான்கு வாரங்களில் பிரித்துக் கொடுத்தால் பெரும்பாலான கட்டிகள் அடங்குகின்றன. உடனே மறையாது, மாதக்கணக்கில் மெல்லச் சுருங்கும். கத்தி இல்லை, ரத்தமும் போகாது. விலை பின்னால் வரும்: கண்ணில் புரை, முக எலும்பின் வளர்ச்சிக் குறைவு, மூளையின் அடியில் இருந்து ஹார்மோன்களை ஆளும் பிட்யூட்டரி சுரப்பியின் சோர்வு, பல வருடங்கள் கழித்துக் கதிர் பட்ட இடத்திலேயே புற்றுநோய். எழுபது வயதுக்காரருக்கு இருபது வருடம் கழித்து வரும் ஆபத்து ஒரு பொருட்டில்லை. பதினைந்து வயதுக்காரனுக்கு அப்போது முப்பத்தைந்துதான் ஆகும். புற்றுநோயாக இல்லாத ஒன்றைத் தீர்க்கப் புற்றுநோயின் சாத்தியத்தை விலைக்கு வாங்குவதா? அறுவையால் எட்ட முடியாத இடத்தில், மூளையின் பெரிய நரம்புகளையும் குழாய்களையும் சுற்றி நிற்கும் மிச்சத்துக்கு மட்டும் இதை வைத்துக்கொள்ள வேண்டும். முதல் தேர்வாக யாராவது சொன்னால் இன்னொரு மருத்துவரிடம் கேளுங்கள்.

மாத்திரை வழி எனக்குத் தொழில்முறையில் சுவாரசியமானது. ஃப்ளூட்டமைடு என்ற மாத்திரையை வயதானவர்களின் புராஸ்டேட் புற்றுநோய்க்கு விற்றிருக்கிறேன். அது ஆண் ஹார்மோனின் வேலையைத் தடுக்கும். இந்தக் கட்டி பருவ வயதுப் பையன்களையே தேடி வருவதால், அதே மாத்திரையை இதற்கும் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் அறுவைக்கு முன் ஆறு வாரம் கொடுத்ததில், பருவம் எய்திய பையன்களிடம் கட்டி ஓரளவு சுருங்கியது. எய்தாதவர்களிடம் பலன் சீராக இல்லை. கல்லீரலைக் கண்காணிக்க வேண்டும், மார்பு வலியோடு வீங்கவும் கூடும். மண்டைக்குள் நுழைந்த பெரிய கட்டியை அறுவைக்கு முன் கொஞ்சம் பின்வாங்கச் செய்யலாம் என்ற அளவில்தான் இதற்கு இடம். தனி மருத்துவமாக இல்லை.

எந்த ஊர் என்ற கேள்விக்கு நான் நினைத்ததைவிட அதிக நேரம் பிடித்தது. வேலூருக்குக் காட்பாடிவரை ஓர் இரவு ரயில். சென்னைக்கு நானூற்று அறுபது கிலோமீட்டர். கட்டி மூன்றாம் நிலையில் இருந்திருந்தால் யோசிக்காமல் பெட்டி கட்டியிருப்பேன். மண்டையோட்டின் அடித்தள அறுவையில் பழகிய காது மூக்கு தொண்டைக் குழுவும் நரம்பு அறுவைக் குழுவும் ஒரே கூரையின்கீழ் இருக்கும் இடம் அப்போது அவசியம். இரண்டாம் நிலைக்கு நாங்கள் மூன்று விஷயங்களைப் பார்த்தோம். எம்போலைசேஷன் செய்பவரும் அறுவை செய்பவரும் ஒரே மருத்துவமனையில் அடுத்தடுத்த நாளில் கிடைப்பார்களா? ரத்த வங்கி உள்ளேயே இருக்கிறதா? இதே கட்டியை இவர் இதற்குமுன் எத்தனை எடுத்திருக்கிறார்? கடைசிக் கேள்வியை நேரடியாகக் கேட்க மச்சான் கூச்சப்பட்டார். நான் கேட்டேன். நல்ல மருத்துவர் இந்தக் கேள்விக்குக் கோபிக்க மாட்டார்.

மதுரையிலேயே முடிவுசெய்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்தக் கட்டிக்கு அறுவையோடு வேலை முடிவதில்லை. பல வருடம் மூக்குக்குள் கேமரா விட்டுப் பார்க்க வேண்டும், இடையிடையே எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும். தூர ஊர் என்றால் முதல் இரண்டு முறை போவோம். மூன்றாம் முறை நடவு வரும், நான்காம் முறை கல்யாணம் வரும். மேலூரிலிருந்து முப்பது கிலோமீட்டர் என்றால் சாக்குச் சொல்ல முடியாது.

பணம் பற்றி: முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. அட்டை இருந்தாலும் எல்லாச் செலவும் அதில் அடங்கும் என்று எண்ணிவிடக் கூடாது. எம்போலைசேஷனும் அறுவையும் ஒரே அனுமதியில் வருகின்றனவா, தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டுமா என்பதைச் சேர்வதற்கு முன்பே காப்பீட்டு மேசையில் கேட்டுவிட வேண்டும். பெரிய ஆஸ்பத்திரி என்று எங்கள் சனம் சொல்லும் அரசு ராஜாஜி மருத்துவமனையிலும் போய் விசாரித்துவிட்டுத்தான் தனியாரைப் பற்றி யோசித்தோம். கையில் காசு இருக்கிறவர்களும் அங்கே ஒரு முறை கேட்டுவிட்டு வருவது நல்லது. அபூர்வ நோய்களை அதிகம் பார்த்த கண்கள் பெரும்பாலும் அரசு மருத்துவமனைகளில்தான் இருக்கின்றன.

தை மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை மடையை அடைத்தார்கள். புதன் காலை எண்டோஸ்கோப்பியில் எடுத்தார்கள். அதற்கு முன் இரண்டு வாரம் இரும்புச் சத்து ஏற்றியிருந்தார்கள். ரத்தம் கொடுக்க ஊரிலிருந்து ஒரு வேன் நிறையப் பையன்கள் வந்தார்கள்; ஒரு யூனிட்தான் தேவைப்பட்டது. நான்கு மணி நேரம். காது குத்தும்போது மடியில் உட்காரவைத்தவன் என்ற உரிமையில் சம்மதப் படிவத்தில் மச்சானுக்குக் கீழே நானும் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டான். எடுத்த கட்டியைப் பரிசோதித்த அறிக்கையும் ஆஞ்சியோஃபைப்ரோமா என்றே சொன்னது.

வீட்டுக்கு வந்தபின் உள்ள வேலையை யாரும் சொல்லித் தருவதில்லை. மூக்குக்குள் வாரக்கணக்கில் பொருக்கு கட்டும். உப்பு நீரால் தினமும் கழுவ வேண்டும். மேல் அண்ணம் ஒரு பக்கம் மரத்துப்போய், சூடான சோறு என்று தெரியாமல் ஒருமுறை சுட்டுக்கொண்டான். வலது கண் வறண்டது. அதற்கும் சொட்டு மருந்து, என் கடையிலிருந்துதான். பொதுத்தேர்வை விட்டான், துணைத்தேர்வு எழுதினான். கண்மாய்க் குளியலுக்குத் தடை. அதற்குத்தான் அவன் உண்மையாக அழுதான்.

நான்காம் மாத எம்.ஆர்.ஐ.யில் ஸ்பீனாய்டு எலும்பின் அடியில் மருந்தை உறிஞ்சி ஒளிரும் சிறு புள்ளி ஒன்று தெரிந்தது. தழும்பாகவும் இருக்கலாம், மிச்சமாகவும் இருக்கலாம் என்றார் மருத்துவர். மறுபடியும் வழிகள்: உடனே போய்க் குடைந்து எடுப்பது, கதிர் வைப்பது, விட்டுப் பார்ப்பது. ரத்தம் வரவில்லை, மூக்கு அடைக்கவில்லை, ஹீமோகுளோபின் பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. தையில் நான் சண்டைபோட்டுத் தள்ளிய அதே வழியை இந்த முறை நானே முதலில் சொன்னேன். விட்டுப் பார்க்கலாம். "அன்றைக்கு மட்டும் கூடாது என்றாய்?" என்று அக்கா கேட்டாள். அன்றைக்கு இருந்தது கண்குழியை நோக்கி வளர்ந்துகொண்டிருந்த முழுக்கட்டி, இன்றைக்கு இருப்பது கடுகளவுப் புள்ளி என்று படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினேன். ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஸ்கேன். வளர்ந்தால் மூக்கு வழியாகவே மறுபடி போகலாம்.

அடுத்த தேதியைக் கடைக் காலண்டரில் சிவப்பு மையால் வட்டமிட்டிருக்கிறேன். மூக்கடைப்புச் சொட்டு மருந்து வாங்க வரும் பையன்களிடம் இப்போதெல்லாம் எந்தப் பக்கம் என்று கேட்காமல் பாட்டிலை எடுப்பதில்லை.